எம்டனுக்குக் கல்வெட்டு உண்டு, காய்ச்சலுக்கு இல்லை

1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் கரைக்கு வந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஐந்தாறு பேர் செத்தார்கள். ஊரில் பாதி மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அந்த ஒரு ராத்திரிக்கு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் கல்வெட்டு இருக்கிறது. ராயபுரத்தில் எம்டன் கதை சொல்லாத தாத்தா கிடையாது. என் தாத்தா ஹார்பரில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்தவர். குண்டு விழுந்தபோது அவர் பிறக்கவே இல்லை, ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிதான் சொல்லுவார்.

அதற்கு நாலு வருஷம் கழித்து வந்த காய்ச்சலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரியப்பா ஒரு நீளக் கணக்கு நோட்டில் வம்சாவளி எழுதி வைத்திருக்கிறார். அதில் இரண்டு பெயர்களுக்கு நேரே ஒரே குறிப்பு: ‘காளயுக்தி வருஷம் ஐப்பசி, ஜுரம்.’ ஒருத்தி கொள்ளுத்தாத்தாவின் தங்கை, இன்னொருவன் அவள் புருஷன். காளயுக்தி ஐப்பசி என்றால் இங்கிலீஷ் கணக்கில் 1918 அக்டோபர், நவம்பர். என்ன ஜுரம், எத்தனை நாள் படுத்தார்கள், பிள்ளைகள் என்ன ஆனார்கள், எதுவும் இல்லை. பெரியப்பாவுக்கும் தெரியவில்லை.

எங்கள் குடும்பம் மட்டும் இப்படி மறந்துவிடவில்லை, உலகமே அப்படித்தான் மறந்தது. 1918-19 இன்ஃபுளுவென்சாவில் செத்தவர்கள் உலகம் முழுக்க 5 கோடி என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் உலகப் போரின் களங்களில் செத்த சிப்பாய்களைப் போலப் பல மடங்கு. இந்தியாவில் மட்டும் குறைந்தது 1.2 கோடி, 1.8 கோடி வரை சொல்பவர்களும் உண்டு. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 25.2 கோடியாக இருந்த இந்தியா, 1921-ல் 25.1 கோடி. கணக்கெடுக்க ஆரம்பித்ததிலிருந்து நம் ஜனத்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அதுதான். சிப்பாய்களுக்கு ஊர் ஊராக நினைவுத்தூண் உண்டு. காய்ச்சலில் போனவர்களுக்கு இந்த நாட்டில் ஏதாவது ஒரு கல் நட்டிருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தேன், என் கண்ணில் படவில்லை.

இதற்கு ஸ்பானிஷ் ஃப்ளூ என்று பெயர் ஒட்டிக்கொண்டது ஸ்பெயினுக்குச் செய்த அநியாயம். சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடுகள் பத்திரிகைகளின் வாயைக் கட்டி வைத்திருந்தன. போரில் சேராத ஸ்பெயினில் பத்திரிகைகள் உள்ளதை எழுதின, பழியும் அதன் தலையில் விழுந்தது. ஆரம்பகாலத்தில் பதிவான பெரிய தொற்று அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலத்து ராணுவ முகாமில், 1918 மார்ச்சில். அங்கிருந்து துருப்புக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு, ஐரோப்பாவிலிருந்து திரும்பிய கப்பல்களில் பம்பாய்க்கு. ஜூன் 10-ம் தேதி பம்பாயில் ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், அவர்களில் ஒருவர் துறைமுகத்தில் காவலுக்கு நின்றவர். முதல் அலை லேசாகத்தான் இருந்தது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலைதான் ஆளைத் தின்றது. அக்டோபர் 6-ம் தேதி ஒரே நாளில் பம்பாய் நகரத்தில் 768 சாவு பதிவாகியிருக்கிறது.

ரயில் போன பக்கமெல்லாம் காய்ச்சலும் போனது. கிழக்கேயும் தெற்கேயும் நகர நகர அதன் வேகம் குறைந்தது, அதனால் மெட்ராஸ் மாகாணம் பம்பாய் அளவுக்கு அடிபடவில்லை. ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. போரால் விலைவாசி ஏற்கெனவே கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. செப்டம்பரில் மெட்ராஸில் அரிசிக் கடைகளையும் மண்டிகளையும் ஜனங்கள் சூறையாடினார்கள், மாகாணத்தின் மற்ற ஊர்களிலும் அது பரவியது. அரைவயிற்றோடு இருந்த ஊருக்குள்தான் அக்டோபர் காய்ச்சல் நுழைந்தது.

பொதுவாக ஃப்ளூ கிழவர்களையும் கைக்குழந்தைகளையும்தான் கொண்டுபோகும். 1918-ல் 20-லிருந்து 40 வயதுக்குள் இருந்தவர்கள் கொத்துக் கொத்தாகப் போனார்கள். இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் செத்தார்கள். படுத்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றி, துணி மாற்றி, ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். மீந்ததைச் சாப்பிட்டவர்களும் அவர்கள்தான். நோட்டில் இருக்கும் அந்த இருவரில் யார் முதலில் விழுந்தார் என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் இதைப் படித்ததிலிருந்து அவள் கடைசிவரை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் என் மனசுக்குள் ஓடுகிறது.

டாக்டர்களிடம் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. நோய்க்குக் காரணம் பைஃபர் என்பவர் 1892-ல் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியா என்று பலர் நம்பினார்கள். அதை வைத்துத் தடுப்பூசியும் செய்து போட்டார்கள். காரணம் பாக்டீரியாவே அல்ல என்கிறபோது அந்த ஊசி இன்ஃபுளுவென்சாவை எப்படித் தடுக்கும்? காய்ச்சலுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் பெரும்பாலோரின் உயிரை எடுத்தது. அதற்குக் கொடுக்கப் பென்சிலினும் இல்லை, அது புழக்கத்துக்கு வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது.

அந்தக் காலத்தில் உருப்படியாகச் செய்ய முடிந்ததில் ஒன்று: கப்பலை உள்ளே விடாமல் இருப்பது. பசிபிக் கடலில் சமோவாத் தீவுகள் இரண்டு ஆட்சியின் கீழ் இருந்தன. மேற்கு சமோவாவை நியூசிலாந்து ஆண்டது. 1918 நவம்பர் 7-ம் தேதி ஆக்லாந்திலிருந்து தலூன் என்ற கப்பல் அங்கே வந்து நின்றது. நோயாளிகள் இறங்க யாரும் தடை சொல்லவில்லை. இரண்டு மாசத்துக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் செத்துப்போனார். பக்கத்திலேயே இருந்தது அமெரிக்க சமோவா. அங்கே கவர்னர் ஜான் போயர் துறைமுகத்தை மூடிவிட்டார். காய்ச்சலில் ஒருவர்கூடச் சாகவில்லை. இந்த ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு ‘எல்லாவற்றையும் மூடு’ என்று சொல்கிறவர்களும் உண்டு. தேங்காயும் மீனும் இருக்கும் தீவுக்கு அது சரி. தினக்கூலியில் அடுப்பெரியும் ஊரை எத்தனை நாள் மூடி வைக்க முடியும் என்பதை 2020-ல் கோயம்பேட்டிலேயே பார்த்துவிட்டோம்.

உண்மையான குற்றவாளி பிடிபட்டது 1933-ல், லண்டனில். வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் காய்ச்சல்காரரின் தொண்டை கொப்பளித்த நீரைப் பாக்டீரியா புகாதபடி வடிகட்டி ஃபெரட்டுகளின் மூக்கில் விட்டார்கள். ஃபெரட் என்பது கீரியை ஒத்த ஒரு சின்னப் பிராணி, மனிதர்களைப் போலவே அதற்கும் ஃப்ளூ வரும். காய்ச்சல் வந்தது. அப்புறம் நோயுற்ற ஒரு ஃபெரட் வில்சன் ஸ்மித்தின் முகத்துக்கு நேரே தும்மியது, அவரும் படுத்தார். அவருடைய தொண்டையிலிருந்து எடுத்த வைரஸுக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். உலகத்து ஆய்வகங்களில் பல பத்தாண்டுகள் அதை வளர்த்தார்கள்.

வைரஸ் கையில் கிடைத்ததும் அதைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் வளர்க்கக் கற்றார்கள். அமெரிக்காவில் தாமஸ் ஃபிரான்சிஸும், பிற்பாடு போலியோ ஊசியால் பெயர் வாங்கிய அவருடைய மாணவர் ஜோனஸ் சால்க்கும், முட்டையில் வளர்த்த வைரஸைக் கொன்று ஊசி மருந்தாக்கினார்கள். 1945-ல் அமெரிக்க ராணுவத்துக்குப் போட்டார்கள், நன்றாகவே வேலை செய்தது. 1947-ல் அதே ஊசி கைவிட்டது. வைரஸ் மாறிவிட்டிருந்தது.

இன்ஃபுளுவென்சாவின் தனி குணம் இதுதான். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கையில் ஒரு திருடனின் போட்டோவைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். திருடன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் வாட்ச்மேன் கொஞ்சம் தடுமாறுவார், ஆனாலும் சந்தேகப்பட்டு நிறுத்துவார். வருஷா வருஷம் நடக்கும் சின்னச் சின்ன மாற்றம் இந்த வகை. அதனால்தான் வருஷா வருஷம் போட்டோவை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எப்போதாவது ஒரு தடவை ஆளே புதுசு. பறவையிடம் இருக்கும் ஃப்ளூ வைரஸும் மனிதனிடம் இருப்பதும் ஒரே உடம்புக்குள், பெரும்பாலும் ஒரு பன்றிக்குள், சந்தித்து மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொண்டு புது வைரஸாக வெளியே வரும். உலகத்தில் யாருக்கும் அதைப் பார்த்த பழக்கம் இருக்காது. கொள்ளைநோய் என்பது அப்போது வருவது.

1957-ல் அப்படித்தான் ஆனது. அது நம் ஊர்க் கதை, இந்த ஊரில் யாருக்கும் தெரியாத கதை.

அந்த வருஷம் பிப்ரவரி வாக்கில் தென்மேற்குச் சீனாவில் கிளம்பிய காய்ச்சல் ஏப்ரலில் ஹாங்காங்குக்கு வந்தது, அங்கிருந்து சிங்கப்பூர். சிங்கப்பூருக்கும் மெட்ராஸுக்கும் நடுவில் அப்போதிருந்த போக்குவரத்தைப் பழைய ஆட்களிடம் கேட்க வேண்டும். ராஜுலா கப்பல் என்றால் நாகப்பட்டினத்திலிருந்து ராயபுரம் வரை தெரியாதவர் இல்லை. மலேயாவிலிருந்து வருகிறவர்கள் டிரங்குப் பெட்டியும் தைல பாட்டிலுமாக இறங்குவார்கள். 1957 மே நடுவில் சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். இந்தியாவுக்குள் ஏஷியன் ஃப்ளூ நுழைந்த வாசல் அதுதான். சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரை பதிவானது 44 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள், சுமார் 1,100 சாவுகள். பதிவாகாதது எவ்வளவோ. உலக அளவில் சுமார் 11 லட்சம் பேர் செத்தார்கள் என்பது கணக்கு. இந்திய வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தது நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃபுளுவென்சா மையம்.

என் தாத்தா அந்த மே மாசம் ஹார்பரில் வேலையில் இருந்தார். கப்பல் கப்பலாக ஏறி இறங்கிச் சரக்கு எண்ணியவர். எம்டனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவருக்குத் தன் கண்ணெதிரே வந்து நின்ற கப்பல் ஞாபகத்தில் தங்கவில்லை. குண்டு சத்தம் போடுகிறது, தீ எரிகிறது, கதை சொல்லத் தோதாக இருக்கிறது. காய்ச்சல் எல்லா வீட்டிலும் வந்துபோகிறது, அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டிருப்பார்.

அதே 1957 ஏப்ரலில், அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி பத்திரிகையில் ஹாங்காங் செய்தியைப் படித்தார். முதுகில் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றது செய்தி. இது வெறும் காய்ச்சல் இல்லை என்று அவருக்குப் பொறி தட்டியது. சாம்பிள் வரவழைத்துப் பார்த்தார். சேர்த்து வைத்திருந்த ரத்த மாதிரிகளில் எழுபது எண்பது வயதைத் தாண்டிய ஒரு சிலரிடம் மட்டுமே இந்த வைரஸுக்கு எதிர்ப்பு இருந்தது. அவர்கள் 1889-90 கொள்ளைநோயில் பிழைத்தவர்களின் வயசுக்காரர்கள். மற்ற உலகம் முழுக்க வெறும் கையோடு நின்றது. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அமெரிக்காவில் வெடிக்கும் என்று சொன்னார், அப்படியே வெடித்தது. ஆனால் அதற்குள் ஆறு கம்பெனிகளுக்கு வைரஸை அனுப்பி ஊசி தயாரிக்க வைத்திருந்தார். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது சேவல் விஷயம். குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் பண்ணைக்காரர்கள் சேவல்களை அறுத்துவிடுவார்கள். சேவல் போனால் கருவுற்ற முட்டை ஏது, முட்டை இல்லாமல் ஊசி ஏது? முதல் வேலையாகச் சேவல்களை அறுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் மனுஷன். சில மாசங்களில் 4 கோடி டோஸ் தயாரானது. வருகிற வழியிலேயே ஒரு ஃப்ளூ கொள்ளைநோயைக் கண்டுகொண்டு, அதற்கென்றே ஊசி செய்து எதிர்கொண்டது அதுதான் முதல் முறை. மெட்ராஸுக்கு அந்த ஊசி வந்ததாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

1968 ஹாங்காங் ஃப்ளூவில் இன்னொரு 10 லட்சம். அதைத் தாண்டி 2009-க்கு வருகிறேன், நமக்கு ஞாபகம் இருப்பது அதுதான். ஏப்ரலில் பன்றிக் காய்ச்சல் மெக்சிகோவிலும் கலிபோர்னியாவிலும் தலைகாட்டியது, ஜூன் 11-ம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோய் என்று அறிவித்தது, ஆகஸ்டில் புனேயில் இந்தியாவின் முதல் சாவு. சென்னையில் பன்றிக் காய்ச்சல் என்ற பேச்சைக் கேட்டாலே ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்தார். மருந்துக் கடைகளில் முகமூடி காலி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் சாம்பிள்கள் குவிந்தன. 1899-ல் அம்மைப்பால் தயாரிக்க ஆரம்பித்த இடம் அது, அந்தக் காலத்தில் கன்றுக்குட்டிகளின் தோலில் அம்மை குத்தி அதிலிருந்து மருந்து எடுத்தார்கள். கொரோனாவிலும் அதே இடம்தான் ஓடி ஓடி உழைத்தது. கிண்டியில் பஸ்ஸில் போகிற எத்தனையோ பேருக்கு அந்தக் காம்பவுண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

2009 வைரஸ் அதற்கப்புறம் எங்கேயும் போய்விடவில்லை, சாதாரண ஃப்ளூவாக நம்மோடு தங்கிவிட்டது. 2015-ல் இந்தியாவில் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும் சுமார் 42 ஆயிரம் பேர், செத்தவர்கள் கிட்டத்தட்ட 3 ஆயிரம். அந்த வருஷம் அதைக் கொள்ளைநோய் என்று யாரும் அழைக்கவில்லை.

இனி அம்மா விஷயம். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, பல வருஷமாகச் சர்க்கரை, பி.பி.க்கும் மாத்திரை. டாக்டரம்மா ஃப்ளூ ஊசி போடச் சொன்னார். வீட்டில் பெரிய பஞ்சாயத்து. சித்தப்பா வந்து உட்கார்ந்துகொண்டு, “காய்ச்சலுக்கெல்லாம் ஊசியாடா? மிளகு தட்டிப் போட்டு ரசம் வச்சுக் குடிச்சா போதும், ரெண்டு நாள்ல ஓடிடும்” என்றார். எதிர்வீட்டு மாமி எட்டிப்பார்த்து, “அது முட்டையில பண்றதாமே?” என்று கேட்டார். ஆமாம் மாமி, முட்டையில்தான். அவர் போட்டுக்கொள்ளவில்லை. (முட்டை இல்லாமல் செல்களில் வளர்த்துச் செய்யும் ஊசிகளும் உலகத்தில் உண்டு, ஆனால் பக்கத்துக் கடையில் கிடைப்பது முட்டை ஊசிதான்.)

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன கிளினிக். நர்ஸ் ஃபிரிட்ஜிலிருந்து ஊசியை எடுத்தார், மருந்து ஏற்கெனவே அடைத்து வருகிற சிரிஞ்சு, அரை மில்லி. ஊசி ஏறுவதற்குமுன் அம்மா பெட்டியை வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்தார். விக்டோரியா, தாய்லாந்து, ஆஸ்திரியா என்று அச்சடித்திருந்தது.

“என்னடா, ஊர் பேரா போட்டிருக்கு?”

ஒவ்வொரு வைரஸ் ரகத்தையும் முதலில் எந்த ஊரில் பிடித்தார்களோ அந்த ஊர்ப் பெயரை வைப்பார்கள் என்றேன். உலகம் முழுக்க ஆய்வகங்கள் வருஷம் பூரா தொண்டைச் சளி மாதிரிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன, 1952-லிருந்து இந்த வலைப்பின்னல் வேலை செய்கிறது. பிப்ரவரியில் கூடி வடபாதி உலகத்துக்கும், செப்டம்பரில் கூடி தென்பாதி உலகத்துக்கும் அடுத்த ஊசியில் எந்த ரகங்கள் என்று முடிவு செய்கிறார்கள். முடிவெடுத்து ஊசி கைக்கு வர ஆறு மாசம் ஆகும். அதற்குள் வைரஸ் எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஒரு கணிப்புதான். சரியாக விழுந்த வருஷம், ஃப்ளூ முற்றி டாக்டரிடம் ஓட வேண்டிய நிலைமையை நூற்றுக்கு 40-லிருந்து 60 வரை குறைக்கும். தப்பாக விழுந்த வருஷம் அதைவிடக் குறையும்.

“அப்ப போட்டாலும் வரும்ங்கறே?”

வரலாம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கட்சி. போலியோ சொட்டு மருந்து மாதிரி நினைத்துக்கொண்டு போட்டவர்கள், தீபாவளிக்கு ஒரு காய்ச்சல் வந்ததும் ‘எல்லாம் ஏமாற்று’ என்று சொல்லிவிட்டு அடுத்த வருஷம் போவதில்லை. அந்தக் காய்ச்சல் ஃப்ளூவாகவே இல்லாமலும் இருக்கலாம், டெங்குவாகவோ சாதாரணச் சளியாகவோ இருக்கலாம். காய்ச்சல் வந்ததா இல்லையா என்று பார்ப்பதைவிட, வந்தவர் ஐ.சி.யூ.வுக்குப் போனாரா என்று பார்க்க வேண்டும். சர்க்கரைக்காரர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிற சென்னையில் இது முக்கியமான கேள்வி. ஃப்ளூ உறுதியான முதல் ஒரு வாரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது என்று கனடாவில் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. நம் வீடுகளில் ‘நாலு நாள் ஜுரம் இருந்துச்சு, அப்புறம் திடீர்னு நெஞ்சு வலி, போயிட்டார்’ என்று சொல்லும்போது அந்த ஜுரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மரணச் சான்றிதழிலும் மாரடைப்புதான் இருக்கும்.

ஊசியே ஃப்ளூவைக் கொடுத்துவிடும் என்பது இன்னொரு பேச்சு. அம்மாவுக்குப் போட்ட ஊசியில் இருப்பது கொன்று துண்டாக்கிய வைரஸ், அது காய்ச்சலாக வளர வழியில்லை. ஒரு நாள் கை வலிக்கும், லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். அம்மாவுக்குக் கை வலித்தது. மறுநாள் இட்லி மாவு அரைக்கவில்லை, ஹோட்டலில் வாங்கினோம். சித்தப்பா அதையே பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

ஊசியின் வரலாற்றில் கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். 1976-ல் அமெரிக்காவில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் ஒரு பன்றி ஃப்ளூ தலைகாட்டியது. 1918 திரும்பிவிட்டது என்று பயந்துபோய் 4 கோடிப் பேருக்கு மேல் அவசர அவசரமாக ஊசி போட்டார்கள். கொள்ளைநோய் வரவே இல்லை. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் கில்லன் பாரே என்ற நரம்பு பாதிப்பு கூடுதலாக வந்தது. திட்டத்தை நிறுத்தினார்கள். அந்தக் கூடுதலைக் கண்டுபிடித்ததும், நிறுத்தியதும், வெளியே சொன்னதும் அதே சுகாதாரத் துறை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு கஷாயத்தைக் குடித்த நாலு கோடிப் பேரில் யாருக்கு என்ன ஆனது என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறார்களா? கபசுரக் குடிநீர் எங்கள் வீட்டிலும் காய்ச்சினோம், நான் அதற்கு விரோதி இல்லை. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறவர்கள் ஒரு தட்டுக்கு மட்டும்தான் கணக்கு கேட்கிறார்கள்.

கொரோனா ஃப்ளூவுக்குச் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் விட மனசில்லை. ஃப்ளூ பி வகையில் விக்டோரியா, யமகட்டா என்று இரண்டு கிளைகள் இருந்தன. முகமூடி, ஊரடங்கு, விமானம் நின்றது எல்லாம் சேர்ந்து, 2020 மார்ச்சுக்குப் பிறகு யமகட்டாவை உலகத்தில் யாரும் உறுதியாகப் பார்க்கவில்லை. நாலு ரகம் இருந்த ஊசியிலிருந்து அதை எடுத்துவிடும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. அம்மா படித்த பெட்டியில் மூணு ஊர் மட்டும் இருந்ததற்குக் காரணம் அதுதான். கோடிக்கணக்கான பேர் வாயை மூடிக்கொண்டு நடந்ததில் ஒரு வைரஸ் கிளை காணாமல் போயிருக்கிறது.

எப்போது போடுவது என்பதில்தான் சென்னைக்காரர்கள் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். ஸ்ரீநகரில் ஃப்ளூ உச்சம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். டெல்லி, கொல்கத்தா, புனே பக்கம் தென்மேற்குப் பருவமழையில். சென்னைக்கும் வேலூருக்கும் அக்டோபர், நவம்பர், அதாவது நம் மழையோடு சேர்ந்து வருகிறது. (மறுபடியும் ஐப்பசி.) ஊசி போட்டு எதிர்ப்பு ஏறச் சுமார் இரண்டு வாரம் ஆகும், சில மாசங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆகவே டிசம்பரில் எழுந்து ஓடுவதைவிட ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போட்டுக்கொள்வது நமக்குத் தோது. எந்த ஊசி, எப்போது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், குறிப்பாக வயசானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதயம், ஆஸ்துமா உள்ளவர்கள்.

விலைதான் உதைக்கிறது. குழந்தைகளுக்கான அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் ஃப்ளூ இல்லை. வெளியே போட்டால் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் ஆகிவிடுகிறது, அதுவும் வருஷா வருஷம். புருஷனும் பெண்டாட்டியும் சர்க்கரைக்காரர்களாக இருக்கிற ஒரு ஓய்வூதிய வீட்டில் அது ஒரு மாச மளிகை. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை, பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். யாருக்கு ஃப்ளூ வந்தால் ஆபத்து என்ற பட்டியல் கிட்டத்தட்ட அவர்கள் நோட்டிலேயே இருக்கிறது. அறுபது தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு மட்டுமாவது செப்டம்பரில் இலவசமாக ஒரு ஊசி என்று அரசு ஆரம்பித்தால், ஆட்களைப் புதிதாகத் தேடக்கூட வேண்டாம். போலியோவையும் தட்டம்மையையும் கிராமம் கிராமமாகத் துரத்திய மாநிலம் இது. மனசு வைத்தால் முடியும்.

போன தடவை அந்தத் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வந்த அக்காவிடம் அம்மா, “நான் காய்ச்சல் ஊசி போட்டுக்கிட்டேன்” என்று பெருமையாகச் சொன்னார். அவர் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு ஆச்சு என்பதுதான். சொன்னேன். “எங்க மாமியாருக்கும் சுகர்தான் சார், ஆனா ரெண்டாயிரம்னா யோசிக்கணும்” என்றார். கிளினிக் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அம்மாவுக்கு பி.பி. பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.